மைனி பிடித்த கயிறு

தடைக்காலம் வந்தால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் எல்லோருக்கும் கை முடங்கும். விஜிலாவுக்கு மட்டும் கால் முளைக்கும். மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று அரசாங்கம் ஆண்டுதோறும் சித்திரை பிறந்ததும் விசைப்படகுகளைக் கட்டிப்போடச் சொல்கிறது. படகு போகாவிட்டால் படகுக்காரர்கள் துறைமுகத்துக்கு வர மாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் ஏலக்கூடத்துக்கு வெளியே விஜிலா சுடுகிற ஆப்பத்தைத் தின்ன நாதி கிடையாது. அடுப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அலுமாரிக்கு மேலே கிடக்கும் முதுகுப்பையை எடுத்துத் தூசி தட்டுவாள்.

ஊரில் மற்றப் பெண்கள் இந்த நாட்களில் வேளாங்கண்ணிக்குப் போவார்கள். தங்கச்சி பிள்ளைக்குக் கோயிலில் முதல் நன்மை என்று மணப்பாட்டுக்குப் போவார்கள். விஜிலா வியட்நாமுக்குப் போவாள்.

ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். நாற்பதைத் தாண்டிய, கொஞ்சம் பூசின உடம்பு. கழுத்தில் மாதா சுரூபம் கோத்த செயின். பேசினால் துறைமுகத்தின் அந்தக் கோடிவரை கேட்கும் குரல். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வியட்நாம் பெண். துறைமுகம் பார்க்க வந்தவள், தன்னைவிடப் பெரிய பையை முதுகில் சுமந்துகொண்டு கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பமாகத் தின்று தீர்த்தாள். விஜிலாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஒத்தையிலயா வந்த? வீட்டுல யாரு பொங்குதா?" என்று கேட்டாள். அந்தப் பெண் செல்போனை நீட்ட, செல்போன் யோசித்து யோசித்து இருவருக்கும் நடுவில் பேசியது. அவளுடைய அம்மாவும் இப்படி ஒரு சாப்பாட்டுக் கடைதான் வைத்திருக்கிறாளாம். மழைக்காலத்தில் கடை மூடியிருக்குமாம். அப்போது அப்பாவைச் சமைக்கச் சொல்லிவிட்டு அம்மா ஊர் சுற்றப் போய்விடுவாளாம்.

விஜிலா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கடை மூடியிருக்கும்போது ஊர் சுற்றலாம் என்பது இத்தனை வருஷம் ஏன் தன் மண்டைக்கு எட்டவில்லை என்று அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது.

அவள் புருஷன் அமலன் சங்கு குளிக்கிறவன். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று கிளம்பிக் கடல் கலங்கிவிட்டால் அடிமண் தெரியாது. அந்த மாதங்களில் அவனும் பாதி நாள் வீட்டில்தான் கிடப்பான். நல்ல மனுஷன். "நீ போய்ட்டு வா, நான் பொங்கித் திங்கேன்" என்று குசினிக்குள் நுழைந்துவிட்டான். நர்ஸுக்குப் படிக்கும் மகள் ஜெப்ஸி, செல்போனில் டிக்கெட் போடவும் இடம் பார்க்கவும் கற்றுக்கொடுத்தாள். முதலில் கொடைக்கானலிலிருந்து மூணாறுப் பக்கம் மலைப்பாதை நடை. அப்புறம் இலங்கை. அப்புறம் வியட்நாம்.

வியட்நாமில் ஒரு கடலோர ஊரில் விடியற்காலை மீன் ஏலம் நடந்தது. பார்க்காமல் இருக்க முடியுமா? கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் போய் நின்றாள். ஏலக்காரி இவள் முகத்தைப் பார்த்து என்னவோ கேட்க, மரியாதைக்கு விஜிலா தலையை ஆட்டினாள். ஒரு கூடை அயிலை அவள் காலடியில் வந்து விழுந்தது. துறைமுகத்திலேயே பிழைக்கிறவள் ஏலத்தில் தலையை ஆட்டலாமா? வேறு வழியில்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு தங்கியிருந்த விடுதிக்கு வந்து, புளியும் தேங்காயும் தேடிப் பிடித்துக் குழம்பு வைத்தாள். கொரியாக்காரப் பிள்ளைகளும் ஜெர்மன்காரப் பிள்ளைகளும் மூக்கில் நீர் வழியச் சாப்பிட்டுவிட்டுச் சட்டியை வழித்தார்கள். அப்போது எடுத்த படம் இன்றும் கடையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

வியட்நாமுக்குப் பக்கத்து நாடான லாவோஸில்தான் வினை வந்தது. மேகோங் ஆற்றில் படகில் போகும்போது ஒருவன் வலை வீசிக்கொண்டிருந்தான். வீசிய லட்சணம் விஜிலாவுக்குப் பிடிக்கவில்லை. அமலனுக்குக் காட்டிச் சிரிக்கலாம் என்று எட்டிக் குனிந்து படம் எடுத்தபோது செல்போன் ஆற்றோடு போயிற்று. இன்னொருவரின் போனை வாங்கிப் பேசலாம். ஆனால் எந்த நம்பர் மனப்பாடமாக இருக்கிறது? கொஞ்ச நாள் கழித்து அவள் அங்கே ஒரு பட்டணம் சேர்ந்து ஜெப்ஸிக்கு எப்படியோ செய்தி அனுப்புவதற்குள் தூத்துக்குடியில் அழுகையும் செபமாலையுமாக வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

திரும்பி வந்ததும் குடும்பம் கூடியது. கூட்டியவள் பெர்சி, அமலனின் அக்கா. ஐம்பதைத் தாண்டியவள், அடுத்த தெருக்காரி, மாதா சபையில் செபம் சொல்லத் தொடங்கினால் மற்றவர்கள் குரல் எடுபடாது. விஜிலாவுக்கு மைனி முறை. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஒத்துவந்ததில்லை. மீன் குழம்புக்கு மாங்காய் போடுவதா, புளி ஊற்றுவதா என்பதில் ஆரம்பித்த சண்டை.

"குமரு இருக்க வீட்டுல ஆத்தாக்காரி ஊர் ஊரா அலஞ்சா நாலு பேரு என்ன சொல்லுவா? இனிமே இவ எங்கயும் போவ வேண்டாம்" என்றாள் பெர்சி.

பெர்சியின் புருஷன் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்க்கிறார். தோணிக்காரர் மாதக்கணக்கில் தகவல் இல்லாமல் இருந்தால் அதற்குப் பெயர் தொழில். ஆப்பக்காரி கொஞ்ச நாள் தகவல் இல்லாமல் இருந்தால் அதற்குப் பெயர் திமிர். இந்த நியாயத்தை எந்த ஊர்த் தராசில் நிறுத்தார்களோ தெரியவில்லை.

விஜிலா விடவில்லை. "நான் பனி பாக்கணும் மைனி. அதுக்கு மட்டும் போய்ட்டு வாரேன்" என்றாள்.

பெர்சி வாயை மூடிக்கொண்டாள். காரணம் இருக்கிறது. அந்த ஊரைக் காக்கிற தாயின் பெயரே பனிமய மாதா. ஆடி மாதத்தில் கொடியேற்றித் திருவிழா நடக்கும்போது உலகத்தில் எங்கே இருக்கிற தூத்துக்குடிக்காரனும் ஊர் வந்து சேருவான். ஆனால் அந்த வெயிலில், அந்த உப்புக் காற்றில் வளர்ந்தவர்களில் பனிமலையை நேரில் கண்டவர்கள் எத்தனை பேர்? மாதாவின் பெயரில் இருப்பதைப் பார்க்கப் போகிறேன் என்கிறவளைப் போகாதே என்று சபைக்காரி எந்த வாயால் சொல்வது?

அப்போதுதான் விஜிலாவின் தம்பி ஷாம் ஒரு வார்த்தை சொன்னான். அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான்.

சங்கு குளிக்க இறங்குகிறவனின் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். வள்ளத்தில் இருந்து அதைப் பிடிப்பவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும் என்பது முத்துக் குளித்த காலத்திலிருந்து வரும் வழக்கம். மச்சான் விடமாட்டான்; விட்டால் தாலியறுப்பது அவன் கூடப் பிறந்தவள். அமலன் வீட்டில் இன்றும் அந்த வழக்கம் உண்டு. அமலனுக்குக் கயிறு பிடிப்பவன் ஷாம். அதில் இன்னொரு சட்டமும் உண்டு: மேலே இருப்பவன் இழுத்துவிட்டால் கீழே இருப்பவன் ஏன் என்று கேட்கக் கூடாது, வந்துவிட வேண்டும்.

"அத்தான் முங்கும்போது நான் கயிறு புடிக்கேன். அக்கா போனா அத்தானோட கூடப்பெறந்தவதான புடிக்கணும்? பெர்சி மைனியும் கூடப் போவட்டும்" என்றான் ஷாம்.

எல்லோரும் சிரித்தார்கள். பெர்சி சிரிக்கவில்லை. யோசித்தாள். விஜிலாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் தன் தம்பி தனிமரம். அவனுக்குப் பொங்கிப் போடும் பாடு தன் தலையில். ஆக, இவள் கயிற்றை விடாமல் பிடிக்க வேண்டிய ஆள் தான்தான் என்பது அவளுக்கு நியாயமாகவே பட்டது.

"வாரேன். ஆனா நான் இழுத்தா மறுபேச்சுப் பேசாம திரும்பிரணும். போய்ட்டு வந்து நான் என்ன சொல்லுதேனோ அதான் கடைசி. போவலாம்னா போவலாம், வேண்டாம்னா உன் பைய ஆத்துல போட்டுரணும்" என்றாள்.

இனிமேல் விஜிலாவின் கால்கள் தூத்துக்குடியைத் தாண்டுமா என்பது, மாங்காய்க் குழம்பை இன்னும் மன்னிக்காத ஒருத்தியின் வாயில் இருக்கிறது. வேறு வழியில்லாமல் சரி என்றாள்.

அடுத்த தடைக்காலத்தில் இரண்டு பேரும் நேபாளத்துக்குப் புறப்பட்டார்கள். அன்னபூர்ணா மலையின் அடிவார முகாம்வரை நடந்து போய்வருவது திட்டம். தூத்துக்குடியில் ஏறிப் பழக என்ன இருக்கிறது? ரயில்வே மேம்பாலம் இருக்கிறது. உப்பளத்தில் உப்புக் குவியல் இருக்கிறது. பெர்சி புது சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஒரு மாதம் கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்து பழகினாள். பூசை நேரத்தில் அவள் வரும் சத்தம் பீடம்வரை கேட்டதாம். உள்ளே ஜெப்ஸியின் டிராக் பேண்ட், மேலே முழங்காலுக்குச் செருகிய சேலை. அவ்வளவுதான் மலையேறும் உடுப்பு.

பொக்காராவில் துர்கா என்ற பெண் வழிகாட்டியாகச் சேர்ந்துகொண்டாள். சிரித்த முகம், சின்ன உடம்பு, ஆடு மாதிரி ஏறுவாள். துறைமுக ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கும் ஒடியாக்காரர்களுக்கு ஆப்பம் விற்றே விஜிலா இந்தி பழகியிருந்ததால் பேச்சுக்குக் குறைவில்லை.

நடக்கத் தொடங்கும் இடத்தில் பெர்சி தன் பையிலிருந்து நீல நைலான் கயிறு ஒன்றை எடுத்தாள். அமலனின் வள்ளத்துக் கயிறு.

"எதுக்கு மைனி இது?"

"எதுக்கா? சும்மா பேச்சுக்கா வந்தேன்?" என்று ஒரு நுனியை விஜிலாவின் பையிலும் மறுநுனியைத் தன் மணிக்கட்டிலும் கட்டினாள். கல்படிகள் வானத்துக்குப் போவது போலப் போயின. வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி நின்று இந்த இரட்டை வண்டியைப் பார்த்தார்கள். மேலே அரிசி மூட்டையை இறக்கிவிட்ட கோவேறு கழுதைகள் மணியடித்துக்கொண்டு இறங்கின. முதல் கழுதை இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தது. கயிறு அதன் கழுத்தில் சுற்றி மாட்டியது; விஜிலாவின் பையில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. கழுதை நிற்கவில்லை. பெர்சி "மாதாவே! மாதாவே!" என்று அலறியபடி, ஏறின படியெல்லாம் பின்னாலேயே இறங்கினாள். துர்கா ஓடிப் பிடித்து அவிழ்த்துவிட்டு, கயிற்றைச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்றோடு கயிறு வாய்ச்சொல்லாக மாறியது. விஜிலா சிரிப்பை அடக்க முடியாமல் மறுபக்கம் திரும்பித்தான் நடந்தாள்.

ஒவ்வொரு வேளையும் சோறும் பருப்பும். பெர்சி அதற்கும் ஏற்பாட்டோடு வந்திருந்தாள்: ஒரு பாட்டில் நிறைய மாசிக் கருவாட்டுத் தூள். அவள் மூடியைத் திறந்தால் சாப்பாட்டு அறையில் பக்கத்து மேசைகள் காலியாகும். காட்டுக்குள் ஒரு சின்னக் கோயில் வந்தது. அதற்கு மேலே மலை சாமியின் இடம், கறி எதுவும் கொண்டுபோகக் கூடாது என்றாள் துர்கா.

"கறி எங்க இருக்கு? இது மீனுல்லா" என்றாள் பெர்சி. துர்கா மீனும் கறிதான் என்றாள். பெர்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏளா, இவகிட்டச் சொல்லு. தபசு காலத்துல சுத்தபோசனத்துக்கே மீனு திங்கோம். சாமியாரே திங்காரு. மீனு எப்படிளா கறியாவும்?"

பெரிய வெள்ளிக்கும் தவக்காலத்துக்கும் கறி ஆகாது, மீன் ஆகும் என்கிற சட்டத்தைத் துறைமுக இந்தியில் விளக்க விஜிலா பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும். துர்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது எங்கள் சாமி, அதற்கு அந்தச் சட்டம் தெரியாது" என்றாள். அதை விஜிலா தமிழில் சொன்னதும் பெர்சி அடங்கிவிட்டாள். பாட்டிலை விடுதிக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, "சாமி இடம்னா சாமி இடந்தான்" என்று கோயில் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். விஜிலாவுக்கு முதல் தடவையாக மைனியைப் பிடித்துப்போனது.

மரங்கள் குறைந்தன. ஒரு திருப்பத்தில் மீன் வால் என்று பெயருள்ள மச்சபுச்சரே மலை தலைக்கு மேலே நின்றது. உச்சி இரண்டாகப் பிரிந்து நிஜமாகவே வால் மாதிரி இருந்தது. எல்லோரும் வாய் பிளந்து படம் எடுத்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் சண்டைக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

"சூரை வாலு மைனி."

"சூரை எங்கனளா இப்படி விரிஞ்சு நிக்கும்? பாறை மீனு வாலு. நல்லாப் பாரு."

"பாறைக்கு அடி இவ்வளவு பெருத்திருக்காது. ஏலக்கூடத்துலயே கெடக்கேன், எனக்குத் தெரியாதா?"

துர்கா கிளம்பச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

மீன் வால் மலையின் அடியில் உள்ள முகாமில்தான் அது நடந்தது. காலையில் விஜிலாவுக்குத் தலை பிளந்தது. ரொட்டியைக் கண்டாலே குமட்டியது. வெளியே வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது; இன்னும் கொஞ்சம் நடந்தால் அன்னபூர்ணா அடிவார முகாம், அதற்கு அப்பால் வெள்ளை வெளேரென்ற சரிவு கண்ணுக்கே தெரிந்தது. "லேசான வலிதான் மைனி, நடந்தாச் சரியாயிரும்" என்று சப்பாத்தை மாட்டக் குனிந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். துர்கா, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, இங்கேயே படுத்திருந்து பார்க்கலாம், குறையாவிட்டால் இறங்கலாம் என்றாள்.

பெர்சி விஜிலாவின் உதட்டைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள்.

"இழுத்துட்டேன்" என்றாள்.

விஜிலாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அவ்வளவு தூரம் வந்து, கைக்கு எட்டுகிற தூரத்தில்! இதற்காகத்தான் இவள் வந்தாள், ஆரம்பத்திலிருந்தே இதற்காகத்தான் என்று நினைத்தாள். வாய்வரை வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டாள். ஏனென்றால் ஒரு தடவை ஷாம் கயிற்றை இழுத்தபோது அமலன் கடலடியில் சங்குப் படுகையைக் கண்டிருந்தான். மேலே வந்து மச்சானோடு சண்டை போட்டான். அன்றைக்கு அமலனிடம் ஏசியவள் விஜிலாதான். "அங்கன முத்தே கெடக்கட்டும். என் தம்பி இழுத்தா வந்துரணும்" என்று சொன்ன வாய் இப்போது என்ன சொல்ல முடியும்?

பையை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். அழுதுகொண்டே இறங்கினாள். அழுகையை யாருக்கும் மறைக்கவும் இல்லை. எதிரே ஏறி வந்தவர்கள் வழிவிட்டு நின்றார்கள்.

பின்னால் வந்த பெர்சிக்குப் பெரிய ஏமாற்றம். விஜிலா சண்டைக்கு வருவாள், அதற்கு இன்ன பதில் என்று அவள் வழியெல்லாம் கோத்து வைத்திருந்தாள். ஒரு பேச்சும் பேசாமல் அவள் இறங்கிப் போவதைப் பார்க்க மனசு என்னவோ செய்தது. இவ்வளவு நாளில் தன் பேச்சை இவள் கேட்டதே இல்லை. கேட்ட ஒரு நாளும் இப்படியா இருக்க வேண்டும்?

கீழே தியுராலி என்ற இடத்தில் தங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் விஜிலாவின் தலைவலி விட்டுவிட்டது. பூண்டு சூப் குடித்தாள், சோறும் சாப்பிட்டாள். பெர்சி அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை விஜிலா எழுந்தபோது பெர்சி சப்பாத்து மாட்டி, சேலையைச் செருகி, தயாராக நின்றாள்.

"கீழதான மைனி போறோம்? பைய நடப்போம்."

"கீழ என்னத்துக்கு?" என்றாள் பெர்சி. "உன் புருசன ஒரு மட்டம் இழுத்தா அன்னைக்கோட அவன் சோலி முடிஞ்சிருமா? மூச்சு வாங்கிட்டு மறுபடி முங்க மாட்டானா?"

விஜிலா தூக்கிய பையைக் கீழே வைத்தாள்.

"என்னளா முழிக்க? இழுக்கத் தெரிஞ்சவளுக்கு விடத் தெரியாதா? தண்ணியக் குடி. குடிச்சிட்டு ஏறு."

விஜிலா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "சவத்த, விடுளா, எல்லாவனும் பாக்கான்" என்றாள் பெர்சி. ஆனால் அவளும் விடவில்லை.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. மீன் வால் மலையடியில் தங்கி, மறுநாள் வெயில் ஏறியபின் பைய நடந்தார்கள். விஜிலாவுக்குத் தலை வலிக்கவில்லை. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். ஒரு மேட்டைத் தாண்டியதும் பாதை வெள்ளையாகிவிட்டது. காலுக்குக் கீழே, பக்கத்தில், தலைக்கு மேலே, பார்த்த பக்கமெல்லாம் வெள்ளை.

பெர்சி குனிந்து ஒரு கை அள்ளினாள். உற்றுப் பார்த்தாள். நெரித்தாள். முகர்ந்தாள்.

"ஏளா விஜிலா."

"என்ன மைனி?"

"இது நம்ம ஐஸ் பிளாண்டு ஐஸுல்லா!"

விஜிலாவும் அள்ளிப் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது. சத்தியமாக அதேதான். தினமும் விடியலில் மெஷினில் அரைத்து, மண்வெட்டியால் வாரி, மீன் பெட்டிகளில் கொட்டுகிறார்களே, அது. அவள் கடைக்கு முன்னால் லாரியிலிருந்து சிந்தி, காலில் மிதிபட்டுச் சகதியாகக் கிடக்கிறதே, அது. அதைப் பார்க்க இத்தனை விமானமும் ஜீப்பும் படியும் தலைவலியும்!

"இதுல நாலு பெட்டி நகரை மீன வச்சா ஒரு வாரம் தாங்கும்" என்றாள் பெர்சி.

அவ்வளவுதான். விஜிலாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. பெர்சிக்கும் தொற்றிக்கொண்டது. மேலே மூச்சு கிடைக்காத இடத்தில் சிரிக்கக் கூடாது. சிரித்து, இருமி, மூச்சுக்குத் தவித்து, மறுபடியும் சிரித்தார்கள். பெர்சி அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். துர்கா என்ன ஆயிற்றோ என்று ஓடி வந்தாள்.

அப்போதுதான் விழத் தொடங்கியது. பஞ்சு பிரிந்த மாதிரி ஒன்று, இரண்டு, பிறகு எண்ணிக்கையில்லாமல். சத்தமே இல்லை. பெர்சியின் தலையில், இமையில், சிவப்புச் சேலையின் மடிப்பில் வந்து உட்கார்ந்தன. ஐஸ் பிளாண்டில் இப்படி விழாது. அங்கே கடமுடவென்று மெஷின் அலற வந்து கொட்டும். இது யாரையும் தொந்தரவு பண்ணாமல், ஒரு குழந்தையின் மேல் துணி போர்த்துகிற மாதிரி இறங்கியது.

பெர்சியின் சிரிப்பு நின்றது. இரண்டு கைகளையும் விரித்து வானத்தைப் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"பேரு மட்டுந்தான் தெரியும் தாயே" என்றாள். "பேரச் சொல்லியே வளந்தேன். இப்பத்தான் பாக்கேன்."

விஜிலாவும் பக்கத்தில் முழங்காலிட்டாள். அவளுக்குச் செபம் எதுவும் வாயில் வரவில்லை. நெஞ்சு நிறைந்து இருந்தது. அது போதும் என்று தோன்றியது. வாழ்நாளில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அனுபவித்ததில்லை.

நேரம் போனது. காற்று கிளம்பியது. துர்கா உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டாள். விஜிலா எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். பெர்சி அசையவில்லை.

"மைனி, எந்திரிங்க. குளுரு ஏறுது."

"நீ போ. வாரேன்."

"மைனி, கை நடுங்குது பாருங்க. வாங்க."

"போளா அங்கிட்டு."

விஜிலா இடுப்பில் கைவைத்து நின்றாள். "மைனி! நான் இழுத்துட்டேன்!"

பெர்சி திரும்பிப் பார்த்தாள். புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"நீ யாருளா என்னைய இழுக்க? உனக்கு நான் நாத்தனா, நான் புடிச்சேன். என் நாத்தனா மணப்பாட்டுல இருக்கா. அவ வந்து இழுக்கட்டும், வாரேன்."

கடைசியில் துர்காவும் விஜிலாவும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கித்தான் விடுதிக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. சூடான தேநீரைக் கையில் கொடுத்ததும் சன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்று மாலைவரை அவளை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை.

இறங்கி வரும்போது பாதி வழியில் செல்போனுக்கு உயிர் வந்தது. அமலன் வீடியோவில் வந்தான். ஒரு கையில் கரண்டி. பின்னால் ஷாமும் ஜெப்ஸியும் முண்டியடித்தார்கள். நலம் விசாரித்து முடிந்ததும் அமலன் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, சொல்லிரு. இவள இனிமே விடலாமா, வேண்டாமா?"

கட்டிப்பிடித்ததும் சிரித்ததும் மலையில். இது குடும்பம். பெர்சி வீட்டு வாசலுக்கு வந்தால் பழைய பெர்சி ஆகிவிடுவாளோ என்று விஜிலா அவள் முகத்தையே பார்த்தாள். பெர்சி போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அவளுக்கு என்னலே, அவ போவா வருவா. அவ கால எவன் புடிச்சு வைக்க முடியும்? நீ ஒண்ணு செய். தோணி கரைக்கு வந்ததும் உங்க அத்தான்கிட்டச் சொல்லு. அடுத்த தடைக்கு நான் வீட்டுல இருக்க மாட்டேன். அரிசி எங்க இருக்கு, உப்பு எங்க இருக்குன்னு அந்த மனுசன் இப்பமே பாத்து வச்சுக்கிடட்டும்."

அந்தப் பக்கம் ஷாம் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அமலன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தான். பெர்சி போனை விஜிலாவிடம் கொடுத்துவிட்டு, கருவாட்டுப் பாட்டிலை எந்த விடுதியில் விட்டோம் என்று துர்காவிடம் தமிழிலேயே கேட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.